பேஸ் கிட்டார் வாங்கும் முன் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர் பக்கம் மெல்லிசைக் குழுக்களுக்கும் சர்ச் பாடகர் குழுக்களுக்கும் குறைவில்லை. கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் என்று மேடைகள் வந்து கொண்டே இருக்கும். இந்தக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்க விரும்பும் இளைஞருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏழெட்டு பேஸ் கிட்டார்களை வரிசையாக மாட்டி வைத்து, "எடுத்து வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லும் கடை வேண்டும் என்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். அதனால் பலரும் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து விடுகிறார்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் என்பது ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று வாங்கும் கலைஞருக்குப் பெரிய தொகை. தவறான கிட்டாரை வாங்கிவிட்டு, விற்கவும் முடியாமல் வாசிக்கவும் பிடிக்காமல் மூலையில் சாத்தி வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வீட்டில் உள்ள கம்ப்யூட்டரையும் ஓர் இலவச சாப்ட்வேரையும் வைத்துக் கொண்டு, வெவ்வேறு பேஸ் கிட்டார்களின் ஒலியை எப்படி ஒப்பிடுவது என்று இங்கே பார்க்கலாம். கம்ப்யூட்டரால் சொல்ல முடியாத சில விஷயங்களும் உண்டு. அவற்றையும் பார்த்து விடுவோம்.

செல்போனில் கேட்பது பேஸ் அல்ல

நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த கம்பியான ஈ கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 55, டி கம்பி 73, ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக வரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் இந்த அளவுக்குக் கீழே போகவே முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது ஒழுங்காக ஒலிக்கும்.

"ஆனால் செல்போனில் பேஸ் கேட்கிறதே" என்பீர்கள். ஒரு கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகளைக் கேட்ட மூளை, கீழே இல்லாத 41 ஹெர்ட்ஸைத் தானாகவே ஊகித்து நிரப்பிக் கொள்கிறது. மெட்டு புரிகிறது, ஆனால் பேஸின் உடம்பு கேட்கவில்லை. இரண்டு கிட்டார்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த உடம்பில்தான் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து நிறுவிக் கொள்ளுங்கள். அதில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யவும். பிரீக்வென்சி கட்டத்தில் 41 என்றும் ஆம்ப்ளிட்யூடில் 0.5 என்றும் கொடுத்து, ஐந்து விநாடி ஒலியை உருவாக்கி சேமித்திடுங்கள். அந்தப் பைலை செல்போன் ஸ்பீக்கரில் இயக்கினால் ஏறக்குறைய மௌனம்தான். லேப்டாப் ஸ்பீக்கரிலும் அப்படியே. காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்போனில் கேட்டால் தாழ்ந்த ரீங்காரம் தெளிவாக வரும். அந்த ஒலி கேட்கும் ஹெட்போனை மட்டுமே பேஸ் கிட்டார் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்போன் பாட்டு கேட்கப் போதும். வாசித்துக் கொண்டே கேட்பதற்கு அதன் தாமதம் ஒத்து வராது.

முக்கியமான குடும்பங்கள்

சந்தையில் நூற்றுக்கணக்கான மாடல்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை நாலைந்து குடும்பங்களில் அடங்கி விடும். குடும்பத்தைப் பிடித்துக் கொண்டால் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது எளிது.

மூத்தது பிரிசிஷன் பேஸ். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் 1951-ல் கொண்டு வந்தார். அதற்கு முன் பேஸ் வாசிப்பவர்கள் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக் கொண்டு அலைந்தார்கள். அதில் பிரெட் கிடையாது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் பிரெட். பெண்டர் தன் கருவியில் பிரெட் வைத்ததால் ஸ்வரம் பிசகாமல் விழுந்தது. பிரிசிஷன் என்ற பெயர் அதனால் வந்தது. 1957-ல் இதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை ஈ, ஏ கம்பிகளுக்கும் மற்றொன்றை டி, ஜி கம்பிகளுக்கும் வைத்தார்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு மறைந்து விடும். இதன் ஒலி நடுப்பகுதியில் கனமாக இருக்கும். தவிலும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும் மேடையிலும் மறைந்து போகாது. பெரிய வித்தை எதுவும் காட்டாது. ஒரே ஒரு வால்யூம், ஒரே ஒரு டோன். மேடையில் இருட்டில் தடவித் திருப்பும்போது இந்த எளிமையின் அருமை தெரியும்.

அடுத்தது அதே பெண்டர் 1960-ல் கொண்டு வந்த ஜாஸ் பேஸ். இதில் இரண்டு பிக்கப்கள். ஒன்று கழுத்துப் பக்கம், மற்றொன்று பிரிட்ஜ் பக்கம். கம்பி நடுவில் அதிகமாக ஆடும். முனைக்கு அருகில் குறைவாக ஆடும். அதனால் பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப்புக்கு அடி ஒலி குறைவாகவும் மேல் மடங்குகள் தூக்கலாகவும் கிடைக்கும். அதை மட்டும் திறந்தால் மூக்கால் பேசுவது போன்ற, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரியும் ஒலி வரும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி சற்றுக் குழிந்து, மேலும் கீழும் பளிச்சென்று இருக்கும். இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்போது இரைச்சல் அடங்கியிருக்கும். ஒன்றைக் குறைத்தவுடன் "ம்ம்ம்" என்று ஆரம்பித்து விடும். கிட்டார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதன் அமைப்பே அப்படி.

மூன்றாவது, லியோ பெண்டர் பங்கு கொண்ட மியூசிக் மேன் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட ஸ்டிங்ரே. பெரிய ஹம்பக்கிங் பிக்கப். கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிபயர். இந்த வகையை ஆக்டிவ் பேஸ் என்கிறார்கள். கட்டை விரலால் கம்பியைத் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறைக்குப் பெயர் போனது. பளபளப்பான, முன்னால் வந்து நிற்கும் ஒலி. அடக்கமாகப் பின்னணியில் ஓட வேண்டிய பாடலில் இதை அடக்கி வைப்பதற்குக் கொஞ்சம் கை பழக வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்களே, வயலின் வடிவ பேஸ், அது ஜெர்மனியின் ஹோப்னர் நிறுவனத்துடையது. அவர் 1961-ல் வாங்கிய முதல் கருவி 1972-ல் திருடு போய், அது திரும்பக் கிடைத்தது 2024-ல் உலகச் செய்தியானது. உள்ளே பொள்ளலான உடல், நீளம் குறைந்த கம்பி. "தும்" என்று உருண்டு விழுந்து சீக்கிரம் அடங்கும் ஒலி. ரிக்கன்பேக்கர் இன்னொரு தனிச் சாதி. கணீரென்று உலோகம் போல ஒலிக்கும். விலை அதிகம் என்பதால் நம் ஊரில் கையில் கிடைப்பது அபூர்வம். அதை விட்டு விடலாம்.

நம் பட்ஜெட்டில் அதிகம் கிடைப்பவை இவற்றின் கலப்புகள். யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174 போன்ற பல தொடக்க நிலை மாடல்களில் கழுத்துப் பக்கம் பிரிசிஷன் வகை பிக்கப்பும் பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் வகை பிக்கப்பும் இருக்கும். இதைக் கடைகளில் பி-ஜே என்பார்கள். எந்தப் பாட்டு வரும் என்று தெரியாத மெல்லிசை மேடைக்கு, முதல் கிட்டாராக பி-ஜே வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பிரெட் இல்லாத பிரெட்லெஸ் பேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேக்கோ பாஸ்டோரியஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் தன் ஜாஸ் பேஸின் பிரெட்களைப் பிடுங்கி, பள்ளங்களை நிரப்பி, மேலே எபாக்சி பூசி வாசித்தார். 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் பேஸ் உலகையே திருப்பிப் போட்டது. நமக்கு இதில் தனி ஆர்வம் இருக்க வேண்டும். கமகம் இழுக்க இதை விடப் பொருத்தமான பேஸ் கிடையாது. அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரிக் காற்று பட்ட ஊரில், வயலினோ வாய்ப்பாட்டோ படித்த காதுள்ளவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மற்றவர்கள் இரண்டாவது கிட்டாராக வாங்கலாம். சுருதி பிசகினால் மேடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நம் பாடல்களில் கேட்டுப் பழகுங்கள்

அமெரிக்கக்காரர் ஸ்லாப் வாசிக்கும் வீடியோவைப் பார்த்து கிட்டார் தேர்ந்தெடுத்தால், நம் மேடையில் வாசிக்கப் போகும் பாடலுக்கு அது உதவாமல் போகலாம். இளையராஜாவின் 1980-களின் பாடல்களை ஹெட்போனில் கேளுங்கள். 1982-ல் வந்த நினைவெல்லாம் நித்யா ஒன்றே போதும். அங்கே பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்காது. பாடகரின் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டாகவே நடந்து போகும். கிட்டார் கலைஞராக இருந்து இசையமைப்பாளர் ஆனவர் அவர் என்பது அந்த வரிகளில் தெரியும். அவர் குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். அடுத்த தலைமுறையில் மும்பையின் மோகினி டே ரகுமானுடனும் வெளிநாட்டுக் கலைஞர்களுடனும் வாசித்துப் பெயர் பெற்றவர். இவர்கள் வாசிப்பதைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு ஸ்வரமும் வேகமாக மாறும் இடத்தில் தெளிவு வேண்டும். நீண்டு நிற்கும் இடத்தில் உடம்பு வேண்டும். நீங்கள் அதிகம் வாசிக்கப் போவது எந்த வகைப் பாடல் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். பத்துப் பாடல் போதும்.

கைக்கு எப்படி இருக்கிறது?

இது கம்ப்யூட்டர் சொல்லாத பகுதி. ஆனால் மேடையில் மூன்று மணி நேரம் நிற்கப் போவது நீங்கள்.

கம்பியின் நீளம்தான் முதலில் பார்க்க வேண்டியது. பெண்டர் வழி வந்த பேஸ்களில் இது 34 அங்குலம். ஹோப்னர் போன்ற ஷார்ட் ஸ்கேல் வகையில் 30 அங்குலம். நாலு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 30 அங்குலத்தில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைகிறது. அதனால் கம்பி மெத்தென்று இருக்கும்; விரல்களை அதிகம் விரிக்க வேண்டாம். சின்னக் கை உள்ளவர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஷார்ட் ஸ்கேல் ஒரு வரம். பதிலுக்கு ஈ கம்பியின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து ஒலிக்கும்.

அடுத்து கழுத்தின் அகலம். ஜாஸ் பேஸில் தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர்; பிரிசிஷனில் 41 முதல் 44 வரை. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஸ்கேலில் பார்த்தால் ஒன்றுமில்லை. கையில் பிடித்தால் ஒன்று ஒல்லி, மற்றொன்று பருமன். எடை பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். அகலமான பெல்ட் வாங்கினால் தோள் தப்பிக்கும். சில மாடல்களில் தலை கனத்து, கையை எடுத்தவுடன் கழுத்து கீழே சாயும். அதை இடது கை தாங்கிக் கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். இதை எந்த வீடியோவும் சொல்லாது. நண்பரிடம் அதே வடிவத்தில் ஒரு கிட்டார் இருந்தால் பத்து நிமிடம் பெல்ட்டோடு மாட்டிப் பாருங்கள்.

கம்பி வகையும் கையையும் காதையும் சேர்த்தே பாதிக்கிறது. ரவுண்ட் வவுண்ட் கம்பி வெளியே சுருள் சுருளாக, அரம் போல இருக்கும். ஒலி பளிச்சென்று வரும். பிளாட் வவுண்ட் கம்பி நாடா சுற்றியது போல வழவழப்பாக இருக்கும். ஒலி மங்கலாக, உருண்டையாக இருக்கும். அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் பிளாட் வவுண்ட் கம்பிதான் போட்டிருந்தார். அதையும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். உண்மையில் ஒரே கிட்டாரில் கம்பியை மட்டும் மாற்றினால் வரும் வித்தியாசம், பல சமயம் இரண்டு மாடல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை விட அதிகம். மரம் எது, ஆல்டரா பாஸ்வுட்டா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் முதலில் கம்பியை மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கம்ப்யூட்டரில் எப்படி இணைப்பது?

நேராக மைக் சாக்கெட்டில் செருகினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். ஒலி வரும், ஆனால் அது உங்கள் கிட்டாரின் ஒலியாக இருக்காது. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸின் பிக்கப் மிகவும் பலவீனமான சிக்னலைத் தருவது. அதைப் பாதிக்காமல் வாங்கிக் கொள்ள, எதிர்முனையில் சுமார் பத்து லட்சம் ஓம் இன்புட் இம்பிடன்ஸ் வேண்டும். மைக் சாக்கெட்டில் இருப்பதோ பெரும்பாலும் சில ஆயிரம் ஓம்தான். மேல் ஒலிகள் எல்லாம் அமுங்கி, ஜாஸ் பேஸும் பிரிசிஷனும் ஒரே மாதிரி கம்பளி போர்த்திக் கொண்டு ஒலிக்கும்.

இதற்கு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று எழுதிய இன்புட் இருக்கிறதா என்று பார்க்கவும். அதுதான் முக்கியம். குழுவில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், எல்லோருக்கும் பயன்படும். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் அவுட் வயரை மட்டும் கம்ப்யூட்டரிலோ இன்டர்பேஸிலோ ஒருபோதும் செருகி விடாதீர்கள். அதில் வரும் மின்சக்தி பெட்டியை எரித்துவிடும்.

வாசிக்கும்போதே ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறதா? இதை லேட்டன்சி என்பார்கள். இன்டர்பேஸுடன் வரும் ஏசியோ டிரைவரை நிறுவி, ரெக்கார்டிங் சாப்ட்வேரின் பபர் அளவைக் குறைத்திடுங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 1024 பபர் என்றால் 21 மில்லி விநாடி தாமதம். 128 என்றால் 2.7 மட்டுமே. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சேர்த்து இதைப் போல இரு மடங்கும் கொஞ்சமும் வரும். ஆம்ப்ளிபயரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி உங்கள் காதுக்கு வர ஒன்பது மில்லி விநாடி ஆகிறது. எனவே பத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் 128 வைத்து ஒலி கரகரத்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

ஒப்பிடும் முறை

இரண்டு அல்லது மூன்று கிட்டார்களை ஒரே நாளில் ஒரு வீட்டில் சேர்த்திடுங்கள். குழு நண்பர்கள் மனது வைத்தால் நடக்கும் காரியம்தான். எல்லாவற்றிலும் டோன் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஒரே ஆள், ஒரே விரல், கம்பியின் ஒரே இடத்தில் மீட்ட வேண்டும். முதலில் திறந்த ஈ கம்பியை நாலு விநாடி ஒலிக்க விடவும். பிறகு ஏ, டி, ஜி. அதன் பிறகு நீங்கள் எழுதி வைத்த பத்துப் பாடலில் ஒன்றின் பேஸ் வரியை வாசிக்கவும். சிவப்புக் கோட்டைத் தொடாமல், மீட்டரின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி ரெக்கார்ட் செய்திடுங்கள்.

இப்போது பலரும் விட்டு விடும் ஒரு விஷயம். சத்தம் கூடுதலாக உள்ள ரெக்கார்டிங் எப்போதும் நல்லதாகவே காதுக்குப் படும். ஸ்டிங்ரே வகை ஆக்டிவ் பேஸ் இயல்பாகவே உரத்த சிக்னல் தருவதால், ஒப்பீட்டில் எளிதாக ஜெயித்து விடும். இதைத் தவிர்க்க ஆடாசிட்டியில் ஒவ்வொரு டிராக்கையும் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்பதைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பைல்களுக்கு 1, 2, 3 என்று மட்டும் பெயர் கொடுக்க இன்னொருவரிடம் சொல்லுங்கள். எது எந்த கிட்டார் என்று தெரியாமல் கேட்கும்போது, தலையில் எழுதிய பிராண்டு பெயர் காதில் விழாது. விலை உயர்ந்ததைத்தான் தேர்ந்தெடுப்போம் என்று அடித்துப் பேசியவர்கள் இந்தச் சோதனையில் திணறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றால், ஒரு ஸ்வரத்தில் இரண்டு விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யவும். திறக்கும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 2048 போன்ற சின்ன எண் இருந்தால் மாற்றி விடுங்கள். அதில் ஒவ்வொரு கட்டமும் 21 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலம். 41 ஹெர்ட்ஸ் கம்பியை 21 ஹெர்ட்ஸ் ஸ்கேலால் அளப்பது, மீன் முள்ளை முழக் கோலால் அளப்பது போல. 16384 கொடுத்தால் கட்டம் 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, 41, 82, 123 என்று மலை மலையாகத் தனித்தனியாக எழும்பும். பெரும்பாலும் 82-ல் உள்ள மலை 41-ல் உள்ளதை விட உயரமாக இருப்பதைக் காண்பீர்கள். ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப்பில் வலது பக்க மலைகள் தூக்கலாக இருக்கும். பிளாட் வவுண்ட் கம்பியில் 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிவு வேகமாக இறங்கும். காது சொன்னதைப் படம் உறுதி செய்யும். முடிவை மட்டும் காதிடமே விட்டு விடுங்கள்.

கையில் கிட்டாரே இல்லாதவர்கள், ஆம்பிள் பேஸ் பி லைட் என்ற இலவச வி.எஸ்.டி. கருவியை டவுன்லோட் செய்து, ரீப்பர் சாப்ட்வேரில் இணைத்து, கீபோர்டில் வாசித்துப் பார்க்கலாம். அது உண்மையான பிரிசிஷன் பேஸிலிருந்து பதிவு செய்யப்பட்ட ஒலி. ரீப்பரை 60 நாட்கள் பணம் கட்டாமல் சோதித்துப் பார்க்க அனுமதி உண்டு.

இரைச்சலும் ஷாக்கும்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது பிரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். எவ்வளவு அருகில் இருக்கின்றன பாருங்கள்! ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து, இரைச்சல் உள்ள இடத்தில் இந்த ஸ்வரத்தைப் பிடித்தால், விநாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்குவது போலக் கேட்கும். 50-லிருந்து 49-ஐக் கழித்தால் 1. அதுதான் காரணம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே எடுத்த வீடியோவில் இந்தத் தொல்லை இதே ஸ்வரத்தில் தெரியாது. டியூப் லைட் சோக், பேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றிலிருந்து கிட்டாரைத் தள்ளி வைத்து ரெக்கார்ட் செய்திடுங்கள். முடிந்தால் லேப்டாப்பை பேட்டரியிலேயே இயக்குங்கள்.

இரைச்சலைக் குறைக்கப் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். ஆம்ப்ளிபயரின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்து விடுகிறார்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். எலக்ட்ரிக் பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எர்த் இல்லாத ஆம்ப்ளிபயரில் கசிவு ஏற்பட்டால், அது நேராக உங்கள் விரலுக்கு வரும். திருவிழா மேடையில் மைக் செட் ஒரு ஜெனரேட்டரிலும் கிட்டார் ஆம்ப்ளிபயர் பக்கத்து வீட்டு லைனிலும் ஓடுவது சாதாரணம். ஒரு கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் உடம்பு வழியாகப் பாயும். மழை பெய்த தரையில், வெறும் காலில் இது உயிரையே பறிக்கும். நிகழ்ச்சி தொடங்கும் முன், மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து, ஒரு முனையை கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் கம்பி வலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரி செய்த பிறகே வாசிக்கவும். எலக்ட்ரீஷியன் சலித்துக் கொண்டால் சலித்துக் கொள்ளட்டும்.

பிச்சாவரத்துக் காற்று

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் இதயக்கனியும் சுரபுன்னைக் காட்டுக்குள் போகும் படகும்தான் நினைவுக்கு வரும். கிட்டார் வைத்திருப்பவருக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இந்தப் பகுதியின் உப்புக் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்புக்கு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். உள்ளூரில் வாசிப்பவர் கம்பியை அடிக்கடி மாற்ற வேண்டி வரும். ஒரு செட் பேஸ் கம்பி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆண்டுக்கு மூன்று செட் என்று வைத்தாலும் சில ஆண்டுகளில் கிட்டார் விலையை எட்டி விடும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் கிட்டார் வாங்கக் கூடாது.

எனவே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அல்லது மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கோட்டட் கம்பி நல்லது. விரலுக்குச் சற்று முரடாக இருந்தாலும் ஸ்டீல் துரு பிடிக்காது. பிளாட் வவுண்ட் கம்பியில் அழுக்கு புகும் சந்து இல்லாததால் அதுவும் நீண்ட நாள் உழைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் துடைத்து வையுங்கள்.

மரமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், கோடையில் சுருங்கும். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ விசையுடன் இழுக்கின்றன. அதைச் சமாளிக்கக் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலும் சித்திரை வெயிலிலும் ஒரு முறை கழுத்தைச் சரி பாருங்கள். முதல் பிரெட்டையும் கடைசி பிரெட்டையும் சேர்த்து அழுத்தினால், நடுவில் ஏழாவது, எட்டாவது பிரெட் அருகே கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பார்க்கவும். அதற்கு மேல் தைரியம் வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்து விடுங்கள்.

பார்சல் வந்தவுடன்

ஆன்லைனில்தான் வாங்குகிறீர்கள் என்றால், பெட்டியைத் திறக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று முன்பே பார்த்துக் கொள்ளவும். முதல் நாளே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக வாசித்து, எங்காவது கரகரக்கிறதா, எங்காவது ஒலி சட்டென்று செத்துப் போகிறதா என்று கவனியுங்கள். பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பியின் உயரம் சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் சரி. வால்யூமையும் டோனையும் திருப்பும்போது கரகர சத்தம் வரக் கூடாது. அன்றே இன்டர்பேஸில் இணைத்து, திறந்த நான்கு கம்பிகளையும் ரெக்கார்ட் செய்து தேதி போட்டு சேமித்திடுங்கள். ஆறு மாதம் கழித்து "முன்பு போல ஒலிக்கவில்லையே" என்று தோன்றும்போது, அதே கம்பிகளை மீண்டும் ரெக்கார்ட் செய்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்பி பழசானதா, காது பழகிவிட்டதா என்று தெரிந்து விடும்.

வாங்கியது ஆக்டிவ் பேஸ் என்றால் ஒன்றைப் பழக்கப்படுத்திக் கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் வயரைக் கிட்டாரிலிருந்து உருவி விட வேண்டும். வயர் செருகியே இருந்தால் உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி இரவு முழுக்க ஓடிக் கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் பல மாடல்களில் ஒலியே வராது. பெட்டியில் ஒரு புது பேட்டரியையும், அதன் மூடியைத் திறக்க ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரையும் எப்போதும் போட்டு வையுங்கள்.